உட்கார்ந்த பிறகு முறையை மாற்றாதீர்கள்

கேள்வி இது: "தினமும் அரை மணி நேரம் தியானத்துக்கு உட்காருகிறேன். மூச்சைக் கவனிப்பதில் தொடங்குவேன். எண்ணம் அதிகமாக ஓடி அது பிடிபடாமல் சலித்துப்போனால் மந்திரத்துக்குப் போவேன். மந்திரமும் சலித்தால் தலையிலிருந்து கால்வரை உடலைக் கவனிப்பேன். பல மாதங்களாக இப்படித்தான் ஓடுகிறது. ஒரே முறையில் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் நிற்க வேண்டும்? எப்படி நிற்பது? எதைத் தேர்ந்தெடுப்பது?"

சுருக்கமாகச் சொன்னால், மூன்றில் எதை எடுத்தாலும் சரிதான். மூன்றையும் ஒரே அமர்வுக்குள் எடுப்பதுதான் சிக்கல். முறையை மாற்றும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த முடிவைக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள். இனி விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அந்த அரை மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் மூச்சு தெளிவாகத் தெரியும். உள்ளே போகும் காற்று மூக்கின் ஓரத்தில் குளிர்ச்சியாகப் படும், வெளியே வருவது லேசான சூடாக இருக்கும். அப்புறம் நாளைக்கு அனுப்ப வேண்டிய மெயில் ஒன்று ஞாபகத்துக்கு வரும். அதில் என்ன எழுதுவது, அதற்கு அவர் என்ன பதில் போடுவார், அந்தப் பதிலுக்கு நாம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு சின்ன நாடகமே உள்ளே ஓடி முடியும். திடீரென்று 'அடடா, மூச்சை விட்டுவிட்டோமே' என்று உறைக்கும். உறைத்த கணத்தில் இரண்டு வழி இருக்கிறது. விட்ட மூச்சுக்கே பேசாமல் திரும்பலாம். அல்லது 'இந்த மூச்சு நமக்குச் சரிப்படாது, மந்திரம் சொன்னால் மனம் நிற்கும்' என்று வேறு பக்கம் போகலாம்.

இரண்டாவது வழி புத்திசாலித்தனமாகத் தெரியும், பயிற்சியின் மேல் உள்ள அக்கறை மாதிரியும் இருக்கும். ஆனால் மெயில் பற்றிய நினைப்பு எந்த வகையோ, 'மந்திரத்துக்கு மாறலாம்' என்ற நினைப்பும் அதே வகைதான். தியானத்தைப் பற்றிய நினைப்பாக இருப்பதால் அதற்கு வாசலில் யாரும் தடை போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மெயிலைப் பற்றி யோசித்தால் 'அலைந்துவிட்டேன்' என்று தெரிகிறது. முறையைப் பற்றி யோசித்தால் 'சரிசெய்கிறேன்' என்று தோன்றுகிறது.

2012-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப்பும் அவர் குழுவும் ஓர் ஆய்வு செய்தார்கள். தியானத்தில் பழக்கமுள்ள 14 பேரை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் அலைந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், பிறகு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அதை வைத்து நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சுழற்சியை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: அலைதல், அலைந்ததை அறிதல், கவனத்தைத் திருப்புதல், மூச்சில் நிற்றல். ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு வலைப்பின்னல்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பழக்கமுள்ளவர்களுக்கே மனம் அலைந்துகொண்டுதான் இருந்தது என்பதை இதில் கவனிக்க வேண்டும். பட்டன் அழுத்த வேலையே இல்லாமல் போயிருந்தால் அந்த ஆய்வே நடந்திருக்காது.

மனம் அலைவதைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் நாளின் பல நேரங்களில் செல்போன் வழியாக 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது' என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரம் கையில் இருக்கும் வேலையில் மனம் இல்லை என்று பதில் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு வேலை பார்க்கும்போதே இந்த நிலை. கண்ணை மூடி, வேலையும் இல்லாமல் உட்கார்ந்தால் மனம் ஓடத்தான் செய்யும். அதை 'மூச்சு முறை எனக்கு வேலை செய்யவில்லை' என்று மூச்சின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. மந்திரத்திலும் ஓடும், உடலைக் கவனித்தாலும் ஓடும்.

சரி, மந்திரத்துக்கு மாறியதும் மனம் நின்றதே, அது எப்படி என்று கேட்பீர்கள். நின்றது உண்மைதான். புதிதாக எது வந்தாலும் கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் வாரம் ஒவ்வொரு சுவரும் கண்ணில் படுகிறதல்லவா, அதுபோலத்தான். முறையை மாற்றிய முதல் சில நிமிடங்களில் கிடைக்கும் அமைதி அந்தப் புதுமையால் வருகிறது. புதுமை தீர்ந்ததும் கவனத்தை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த இடத்திலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது. நீங்கள் சரியாக அந்த இடத்தில் எழுந்து அடுத்த முறைக்குப் போகிறீர்கள். பல மாதம் உட்கார்ந்தும் மூன்று முறையிலும் தொடக்கக்காரராகவே இருப்பதாகத் தோன்றினால் காரணம் இதுதான். மூன்றிலும் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறீர்கள்.

பழைய நூல்கள் இதை நன்றாகவே பார்த்து வைத்திருக்கின்றன. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதத்தில், 30ஆவது சூத்திரம் மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது இடையூறுகளை அடுக்குகிறது: நோய், மந்தம், சந்தேகம், அசட்டை, சோம்பல், புலன் ஆசையை விடாமை, தப்பான காட்சி, ஒரு நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்காமை. முறை தாவுகிறவருக்கு இதில் சந்தேகமும் கடைசி இரண்டும் நன்றாகப் பழக்கமானவையாக இருக்கும். இரண்டு சூத்திரம் தள்ளி, 32-ல், மருந்தைச் சொல்கிறார்: ஒரே தத்துவத்தில் பயிற்சி. அந்த ஒன்று எது என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போகவில்லை. ஈஸ்வரன் என்கிறார் வாசஸ்பதி மிஸ்ரர். மனத்துக்குப் பிடித்த ஏதேனும் ஒன்று என்கிறார் போஜர்.

அதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 33-லிருந்து 39 வரை பதஞ்சலி வரிசையாக மாற்று வழிகளைத் தருகிறார். நட்பும் கருணையும் வளர்ப்பது, மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது, ஏதாவது ஒரு புலன் அனுபவத்தில் மனத்தை வைப்பது, உள்ளே ஒளியை நினைப்பது, ஆசை நீங்கியவரின் மனத்தை நினைப்பது, கனவிலும் உறக்கத்திலும் கிடைக்கும் அறிவைப் பற்றிக்கொள்வது, இவை எதுவும் வேண்டாம் என்றால் உங்களுக்குப் பிடித்த எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். இவ்வளவு தாராளமாக இருக்கும் மனிதர்தான் ஒரு மூச்சுக்கு முன்னால் 'ஒன்றே ஒன்று' என்று சொன்னார். தேர்வில் அவருக்குக் கெடுபிடி இல்லை. தேர்ந்த பிறகுதான் கெடுபிடி: நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி உறுதிப்படும் என்று 14ஆவது சூத்திரத்தில் முன்பே சொல்லிவிட்டார்.

பௌத்தத்தில் தியானத்துக்கு ஐந்து தடைகள் சொல்வார்கள். புலன் ஆசை, வெறுப்பு, சோர்வும் தூக்கமும், பரபரப்பும் உறுத்தலும், கடைசியாகச் சந்தேகம். இந்தக் காலத்தில் சந்தேகம் 'தியானம் பொய்' என்ற உருவில் அதிகம் வருவதில்லை. 'இந்த முறை சரியானதா, இதைவிட நல்லது இருக்கிறதா' என்ற உருவில்தான் வருகிறது. போனில் ஆயிரம் முறைகள் கிடைக்கும்போது அந்தச் சந்தேகத்துக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

5ஆம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் 40 தியானப் பொருள்கள் பட்டியலாக இருக்கின்றன. நாற்பதையும் செய் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆளின் சுபாவத்தைப் பார்த்து ஆசிரியர் கொடுப்பார். ஆசை மிகுந்தவர், கோபம் மிகுந்தவர், மதிமயக்கம் மிகுந்தவர், நம்பிக்கை மிகுந்தவர், அறிவு மிகுந்தவர், எண்ண ஓட்டம் மிகுந்தவர் என்று ஆறு வகை. கோபக்காரருக்கு அன்பும் கருணையும் வளர்க்கும் தியானம். மதிமயக்கம் உள்ளவருக்கும் எண்ணம் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும் மூச்சு. அதாவது, 'எனக்கு எண்ணம் அதிகம், அதனால் மூச்சு ஒத்துவராது' என்று நீங்கள் எந்தக் காரணத்தைச் சொல்லி விடுகிறீர்களோ, அதே காரணத்துக்காகத்தான் அந்த நூல் மூச்சைக் கொடுக்கிறது.

இப்போது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். முறைகளைக் கலந்தால் என்ன கெட்டுப்போகும் என்று பலர் கேட்பார்கள். எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகிறது என்பார்கள். எங்கே போகிறது என்பது பெரிய விவாதம், அதை விட்டுவிடுவோம். இருபதாவது நிமிடத்தில் முழங்கால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வலிக்கு ஒவ்வொரு முறையும் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

மந்திர ஜபத்தில் வலியோடு உங்களுக்குப் பேச்சே கிடையாது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்கள் அடுத்த எழுத்துக்குப் போங்கள். மனத்தை ஒருமுகப்படுத்தும் மூச்சுத் தியானத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வலியைப் பின்னணியில் விட்டுவிட்டு மூக்கின் ஓரத்துக்கே வர வேண்டும். பர்மாவின் மகாசி சயாடோ வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்துக்கொண்டிருப்பீர்கள். வலி தூக்கலாக வந்தால் வயிற்றை விட்டுவிட்டு வலிக்கே போய், 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு, அது மங்கியதும் வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். கோயங்கா கற்பித்த விபாசனாவில் பெயர் சொல்லிக் குறிக்கும் வேலை இல்லை. கவனம் தலையிலிருந்து வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். முழங்காலின் முறை வரும்போது அந்த வலியை விருப்பு வெறுப்பில்லாமல் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு நகர வேண்டும், இழுக்கிறதே என்று நடுவில் தாவிப் போகக் கூடாது. 'நான் யார்' விசாரத்தில் வலியைப் பார்ப்பதைவிட, வலி யாருக்கு என்று திரும்பிக் கேட்பதுதான் வேலை. ஜென் மரபில் சும்மா உட்காரும் பயிற்சியில் எதையும் தேர்ந்தெடுப்பதே இல்லை.

ஒரே வலிக்கு ஆறு விதமான கட்டளைகள். சில ஒன்றுக்கொன்று நேர் எதிர்: ஒன்று 'போகாதே' என்கிறது, இன்னொன்று 'அங்கேயே போ' என்கிறது. ஒவ்வொன்றும் அதனதன் வழியில் சரிதான், அதனதன் நோக்கத்துக்காகப் பார்த்துச் செய்தவை. ஆறையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வலி வரும்போது எந்தக் கட்டளை சுகமாக இருக்கிறதோ அதை மனம் எடுத்துக்கொள்ளும். வலியைத் தாங்க முடியாதபோது மந்திரம், மந்திரம் சலிக்கும்போது வலியைப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் உங்களிடமிருந்து ஏதோ ஒன்றைக் கேட்கிறது, ஒன்று பொறுமையை, இன்னொன்று கூர்மையை. கேட்கிற அந்த இடம் வந்ததும் கிளம்பிவிடுகிறோம். கலப்பதில் எனக்குள்ள ஆட்சேபம் இது ஒன்றுதான். தூய்மை கெட்டுவிடும், தீட்டாகிவிடும் என்றெல்லாம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வெவ்வேறு முறைகள் வெவ்வேறு திறன்களைப் பயிற்றுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தானியா சிங்கர் நடத்திய நீண்ட ஆய்வில் மூன்று விதப் பயிற்சிகளைத் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் மூன்று மாதம் செய்யவைத்தார்கள். மூச்சும் உடலும் ஒன்று, அன்பும் கருணையும் ஒன்று, எண்ணங்களையும் அடுத்தவர் பார்வையையும் கவனிப்பது ஒன்று. 2017-ல் வெளியான முடிவுகளின்படி மூளையில் தெரிந்த மாற்றங்கள் பயிற்சிக்கு ஏற்ப வேறு வேறு பகுதிகளில் இருந்தன. மூன்றையும் செய்தார்கள்தான், ஆனால் ஒன்று முடிந்து மற்றொன்று. ஒரே அரை மணி நேரத்தில் மூன்றையும் திணிக்கவில்லை.

'ஒரே முறை' என்றால் எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அதையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ஒரு முறைக்குள்ளேயே படிகள் உண்டு. மூச்சை எண்ணுவது, எண்ணிக்கையை விட்டு மூச்சைத் தொடர்வது, காற்று படும் ஓர் இடத்திலேயே நிற்பது, இப்படி விசுத்திமக்கம் படி வைக்கிறது. இதில் முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போவது தாவல் ஆகாது, அது வளர்ச்சி. மூச்சுத் தியானத்தைப் பற்றிய புத்தரின் உபதேசமான ஆனாபானசதி சூத்திரம் இதே மூச்சை 16 படிகளாக விரிக்கிறது. பத்து நாள் விபாசனா முகாமில்கூட முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாள்தான் உடல் உணர்வுகளுக்குப் போவார்கள். அதுவும் ஒரே முறையின் வரிசைதான். அதே முகாமில் மற்றத் தியானங்களையும் ஜபத்தையும் அந்தப் பத்து நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொல்வது, கலந்து செய்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பதற்காகத்தான்.

உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் உடம்பைத் தளர்த்திக்கொள்வது, எழும்புமுன் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பது, இவையும் கலப்பில் சேராது. அவை வாசலும் திண்ணையும். ஆனால் அவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கட்டும். நடுவில் சலிப்பு வரும்போது திண்ணைக்கு ஓடிவரக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. என்ன பலன் தரும் என்று விளம்பரம் செய்கிறார்கள் என்பதை வைத்து எடுக்காதீர்கள். கட்டளை உங்களுக்கு ஒரே வாக்கியத்தில் புரிகிறதா, செய்யும்போது உடம்புக்கு உபாதை இல்லையா, சந்தேகம் வந்தால் கேட்க அந்த வழியில் அனுபவப்பட்ட ஒருவராவது இருக்கிறாரா, இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றாவதுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். மிகச் சிறந்தது என்று பேர்போன முறையைத் தனியாகத் தட்டித் தடவிச் செய்வதைவிட, சாதாரண முறையை ஆள் துணையோடு செய்வது மேல்.

எவ்வளவு காலம் நிற்பது? ஜான் கபட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய, தியானத்தின் வழியே மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சித் திட்டம் எட்டு வாரம். சிங்கரின் ஆய்வில் மூன்று மாதம். வீட்டில் அரை மணி நேரம் உட்காருகிறவருக்கு மூன்று மாதம் நியாயமான கெடு என்பது என் கருத்து. புதுமை தீர்ந்து, சலிப்பு வந்து, அந்தச் சலிப்பும் கொஞ்சம் பழகுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். ஆயுள் முழுவதும் இதுதான் என்று சபதம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். பெரிய சபதங்கள் இரண்டாவது வாரத்தில் உடைகின்றன. தேதி குறித்த கெடு என்றால் 'அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனமும் ஒத்துக்கொள்ளும்.

இனி 'எப்படி' என்ற கேள்வி. உட்காருமுன் என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒரே வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: 'மணி அடிக்கும்வரை மூச்சு மூக்கில் படுவதைக் கவனிப்பேன், விட்டுப்போனால் திரும்புவேன்.' டைமர் போட்டுவிட்டு போனைத் தூரமாக வையுங்கள். வழிகாட்டும் குரலோடு செய்பவராக இருந்தால் மூன்று மாதமும் ஒரே பதிவைப் பயன்படுத்துங்கள். தினம் ஒரு புதுத் தியானம் என்று தரும் ஆப்புகள் உங்களைத் திரும்பத் திரும்ப வரவைப்பதற்காகச் செய்யப்பட்டவை; அதில் கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதுமைதான்.

மாற்ற வேண்டும் என்ற நினைப்பு நடுவில் வரும். வராமல் இருக்காது. வந்ததும் அதோடு வாதாடாதீர்கள். 'மாற்றத் தோன்றுகிறது' என்று மட்டும் தெரிந்துகொண்டு மூச்சுக்கு வந்துவிடுங்கள். எழுந்த பிறகு அதை ஒரு தாளில் ஒரு வரி எழுதிவைக்கலாம்: என்ன தேதி, எத்தனையாவது நிமிடம் போல இருந்தது, எதற்கு மாறத் தோன்றியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். பதினைந்து இருபது வரிகள் சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். மாறத் தோன்றியதற்கு முன்னால் பெரும்பாலும் தூக்கக் கலக்கமோ, ஏதோ ஒரு வேண்டாத நினைவோ, கால் வலியோ இருந்திருக்கும். மூச்சின் மேல் நீங்கள் சொன்ன குற்றத்துக்கு மூச்சு பொறுப்பில்லை என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

முறைக்குள்ளேயே செய்துகொள்ளக்கூடிய திருத்தங்கள் நிறைய இருக்கின்றன. தூக்கம் வந்தால் முதுகை நிமிர்த்துங்கள், கண்ணைப் பாதி திறங்கள், இரண்டு மூன்று மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுங்கள். பரபரப்பாக இருந்தால் வெளிமூச்சு முழுவதும் முடிகிறவரை கூடவே போங்கள். நிற்கவே இல்லை என்றால் எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்போகாமலும் எண்ணச் சொல்கிறது விசுத்திமக்கம். ஐந்துக்குள் என்றால் இடம் நெருக்கடியாகி மனம் முட்டிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். செய்து பார்த்தால் இரண்டும் எவ்வளவு சரி என்று தெரியும். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று எண்ணிக்கை கச்சிதமாகப் போய்க்கொண்டிருக்கும், கவனித்த மூச்சு ஒன்றுகூட இருக்காது.

மூச்சில் நிற்பவர்கள் விட்டுவிட்டு ஓடும் இன்னொரு இடம் உண்டு. மனம் அடங்க அடங்க மூச்சும் மெலிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் காணவே காணாது. கவனிக்க ஒன்றும் இல்லையே, முறை தீர்ந்துபோயிற்றோ என்று பலர் இங்கே மந்திரத்தை எடுத்துவிடுவார்கள். புத்தகோசர் இந்த இடத்துக்கென்றே ஓர் அறிவுரை வைத்திருக்கிறார். எழுந்து போய்விடாதே, யோசித்துப் பார் என்கிறார். மூச்சு இல்லாதவர்கள் யார் யார்? தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை, தண்ணீரில் மூழ்கியவர், செத்தவர், மிக உயர்ந்த சமாதி நிலைகளை எட்டியவர்கள். நீ இவர்களில் யாருமில்லை. ஆகவே உனக்கு மூச்சு இருக்கிறது, உன் கவனம்தான் அந்த அளவுக்குக் கூர்மையாகவில்லை. வழக்கமாக எங்கே படுமோ அங்கேயே பார்த்துக்கொண்டிரு, வரும். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னாலும் இதே இடத்தில் ஆட்கள் எழுந்து ஓடியிருக்கிறார்கள் என்று தெரிவதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

எந்தப் பிடியையும் இறுகப் பிடிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ரமண மகரிஷி சொன்ன யானை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சும்மா இராமல் ஆடிக்கொண்டே இருக்கும் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் அதையே பற்றிக்கொண்டு நடக்கும். பிடிப்பது யானையின் வேலை. கொடுத்த சங்கிலியை நிமிடத்துக்கு ஒருமுறை பிடுங்காமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை.

மாற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகும், மூச்சுத் திணறுவது போல பயம் கிளம்பும். மூச்சிரைப்பு நோய் உள்ளவர்கள், பதற்றத் தாக்குதல் வந்தவர்கள், பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு உள்ளங்காலின் உணர்வு, வெளியே கேட்கும் ஒலி, மெல்ல நடப்பது போன்றவை ஏற்றவை. சலிப்பும் சங்கடமும் வேறு, இது வேறு. சலிப்பு மணி அடித்ததும் போய்விடும். உட்கார்ந்து எழுந்த பிறகும் நாள் முழுவதும் பயம் தொடர்கிறது, தூக்கம் கெடுகிறது, சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றுகிறது என்றால் கெடுவும் வேண்டாம், வைராக்கியமும் வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 'கர்மா வெளியேறுகிறது, தாங்கிக்கொள்' என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மற்ற முறைகளைப் பற்றிப் படிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தாராளமாகப் படியுங்கள், உட்காருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது படித்தது அப்படியே கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூச்சில் உங்களுக்குப் பயமோ உபாதையோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, சலிப்பு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எண்ண ஓட்டமும் அதிகம். அதனால் அரை மணி நேர அமர்வுக்கு மூச்சை வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாதம் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டே. மந்திரத்தைக் கைவிட மனம் வராது, விடவும் வேண்டாம். நடக்கும்போதும் பயணத்திலும் சொல்லுங்கள். உடலைக் கவனிப்பதைப் படுக்கையில் தூங்குமுன் செய்யலாம், பாதியில் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை. அரை மணி நேரம் நீளமாகத் தோன்றினால் இருபது நிமிடமாகக் குறையுங்கள், ஆனால் தினமும் உட்காருங்கள். இன்றிலிருந்து மூன்று மாதம் தள்ளி காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். அன்று பகலில், கண்ணைத் திறந்துகொண்டு, அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போதும் மந்திரம்தான் வேண்டும் என்று பட்டால் மந்திரத்துக்கு மாறுங்கள், அதற்கும் மூன்று மாதம் கொடுங்கள்.